தெற்கு பிரிட்டனிக் கரையோரம் இருவராக ஒரு பாய்மரப் பயணம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பிரெஞ்சுக் கடற்கரை என்றதும் நீஸ், கான் என்று மத்தியதரைக் கடல் பக்கமே பலருக்கும் நினைவு போகும். கணவனும் மனைவியுமாக, அவசரமில்லாமல், ஒரு சிறு துறையிலிருந்து அடுத்த சிறு துறைக்குப் பாய்மரப் படகில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது மேற்குக் கரை. அதிலும் பிரிட்டனியின் தென்பகுதி, கிபெரோன் விரிகுடாவும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும். ஒன்பது, பத்து கடல் மைல் போனால் அடுத்த ஊர் வந்துவிடும். கிபெரோன் தீபகற்பமும் உவாத், ஓயேதிக், பெல்-ஈல் தீவுகளும் அட்லாண்டிக்கின் பெரிய அலைகளைத் தடுத்து நிற்பதால் விரிகுடாவுக்குள் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் வான் நகருக்கு இரண்டரை மணி நேரம்தான்.

நிதானமான பயணம் என்றால் திட்டமே இல்லாத பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கடலில் எப்போது கிளம்பலாம், எப்போது உள்ளே நுழையலாம் என்பதைக் கடலேற்றமும் காற்றும்தான் முடிவு செய்யும். அவற்றின் நேரத்துக்கு நம் நேரத்தை ஒப்படைத்துவிட்டால் மீதியெல்லாம் ஓய்வு. எதிர்த்துப் போனால் ஒரு வாரமும் போராட்டம்தான்.

முதலில் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள்

பிரான்ஸில் கடலில் பாய்மரப் படகு ஓட்ட அரசு உரிமம் கட்டாயமில்லை. 6 குதிரைசக்திக்கு மேற்பட்ட மோட்டார் படகுக்குத்தான் அது வேண்டும். துணை எஞ்சின் வைத்த பாய்மரப் படகு அந்தக் கணக்கில் வராது. ஆனால் படகை வாடகைக்குத் தருகிற நிறுவனம், நீங்கள் இதுவரை எங்கே, எவ்வளவு பெரிய படகில் போயிருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்கும். அனுபவம் போதாது என்று பட்டால் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு பயிற்றுநரை உடன் அனுப்பச் சொல்வார்கள். தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடலை அறிந்த ஒருவர் கூட இருக்கும் இரண்டு நாள் பெரிய வரம்.

அதற்கு முன்பே ஒரு வாரப் பயிற்சி எடுப்பது அவசியம். பிரிட்டிஷ் முறைப் பயிற்சி பல நாடுகளில் கிடைக்கிறது. பிரான்ஸிலேயே கற்க விரும்பினால் 'லே க்ளேனான்' பள்ளி இருக்கிறது. 1947இல் பிலிப் வியானே, எலேன் வியானே என்ற தம்பதியர் தொடங்கியது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர்கள், போர் முடிந்தபின் இளைஞர்களுக்காக இந்தக் கரைக்கு எதிரே உள்ள க்ளேனான் தீவுகளில் ஆரம்பித்தார்கள். இன்று ஐரோப்பாவின் புகழ்பெற்ற பாய்மரப் பள்ளிகளில் ஒன்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல தம்பதியரில் ஒருவர்தான் பயிற்சிக்குப் போகிறார், பெரும்பாலும் கணவர். மனைவி 'சும்மா கூட வருகிறேன்' என்கிறார். இது பாதுகாப்பில்லை. படகில் இருவர் மட்டும் இருக்கும்போது ஒருவர் தண்ணீரில் விழுந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வாந்தியில் சுருண்டு படுத்தாலோ, மற்றவர் தனி ஆள். ஆகவே இருவருக்கும் கட்டாயம் தெரிய வேண்டியவை: எஞ்சினை இயக்குவது, பாயை இறக்குவது, படகை நிறுத்துவது, தாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுவது, ரேடியோவில் உதவி கேட்பது. இவை இருவருக்கும் கைவந்த பிறகுதான் பயணத்துக்குத் தேதி குறிக்க வேண்டும்.

தேதி குறிக்கும்போது நிலவையும் பாருங்கள்

ஜூன் அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரான்ஸே விடுமுறையில் இருக்கும். துறைமுகங்களில் படகோடு படகு ஒட்டிக் கட்டுவார்கள், வாடகையும் ஏறிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பொழுது சாயும் என்பதால் இருட்டில் துறை தேடும் நிலை அனேகமாக வராது. கடல்நீர் அப்போது குளிராகத்தான் இருக்கும். குளிப்பதுதான் முக்கியம் என்றால் செப்டம்பர் நல்லது.

மாதத்தைத் தேர்ந்த பிறகு ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் அட்டவணையைத் திறங்கள். பிரெஞ்சு அட்டவணைகளில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருக்கும். 'கோயெஃபிசியான்' என்பார்கள். 45 என்றால் சிறிய ஓதம், 70 நடுத்தரம், 95 என்றால் பெரியது, 110ஐத் தாண்டினால் மிகப் பெரியது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றரை நாள், இரண்டு நாள் கழித்து எண் உச்சத்துக்குப் போகும். முதல் பயணத்துக்கு எண் 70க்குக் கீழே இருக்கும் வாரத்தைப் பிடியுங்கள். நீரோட்டம் பாதியாகக் குறையும், நங்கூரமிடும் கணக்கும் எளிதாகும்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் ஏற்றம் காலையிலும் மாலையிலும் வரும், நடுப்பகலில் வற்றியிருக்கும். சிறிய ஓத நாட்களில் ஏற்றம் ஏறக்குறைய நண்பகலை ஒட்டி வரும். பகலில் தண்ணீர் நிறைந்திருக்கும் வாரம் புதியவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று அங்கே போனால் தெரியும்.

படகு

இருவருக்கு 9 மீட்டர் படகு போதும், 10 மீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிய படகில் இடம் அதிகம்தான், ஆனால் காற்றில் அதைக் கையால் இழுத்துக் கரையோடு பிடிக்க இரண்டு பேர் போதாது. முன்பாய் உருளையில் தானாகச் சுருளும் வகையாக இருக்கட்டும். பெரிய பாயைக் குறைக்கும் கயிறுகள் சுக்கான் இருக்கும் இடத்துக்கே வருகின்றனவா என்று கேளுங்கள். தானியங்கிச் சுக்கான் கட்டாயம் வேண்டும். இருவர் படகில் அதுதான் மூன்றாவது ஆள்.

கிளம்ப இரண்டு நல்ல இடங்கள் உண்டு: மொர்பியான் வளைகுடாவின் வாயருகே உள்ள லெ க்ரூயெஸ்தி, கொஞ்சம் மேற்கே லா திரினிதே. நான் லெ க்ரூயெஸ்தியைத்தான் பரிந்துரைப்பேன். எந்த ஓதத்திலும் உள்ளே வரலாம், தீவுகளும் வளைகுடாவும் விலேன் ஆறும் மூன்று பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. படகு பெரும்பாலும் சனிக்கிழமை மாலை கைக்கு வரும். சரிபார்ப்புப் பட்டியலை அவசரப்படாமல் முடியுங்கள். உயிர்காப்பு மேலங்கியை இருவரும் அங்கேயே போட்டுப் பார்த்து, பட்டைகளை உடம்புக்குச் சரி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து வைத்தால் காப்புத்தொகை திரும்ப வாங்கும்போது பேச்சு வளராது. அன்று மாலை கிளம்ப வேண்டாம். கடைக்குப் போங்கள், துறையிலேயே தூங்குங்கள்.

ஓதக் கணக்கு

மத்தியதரைக் கடலில் ஓடிப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுவது இதில்தான். கிபெரோன் விரிகுடாவில் பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். சிறிய ஓதத்தில் ஏறக்குறைய 2 மீட்டர். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது. பன்னிரண்டில் பங்கு என்று ஒரு கணக்கு உண்டு: முதல் மணி நேரத்தில் 1 பங்கு, அடுத்து 2, அடுத்து 3, மறுபடி 3, பிறகு 2, கடைசியில் 1. மொத்த இறக்கம் 4.2 மீட்டர் என்று வைப்போம். ஒரு பங்கு 35 சென்டிமீட்டர். முதல் மணி நேரத்தில் அவ்வளவுதான் இறங்கும். மூன்றாவது, நான்காவது மணியில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். இப்போது நங்கூரமிடுவதை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தின் உச்சத்தில் வந்து சேர்கிறீர்கள், ஆழமானி 6 மீட்டர் காட்டுகிறது. தாராளம் என்று தோன்றும். ஆறு மணி நேரத்தில் அது 1.8 மீட்டராகிவிடும். உங்கள் படகின் அடிப்பாகம் 1.8 மீட்டர் ஆழம் கேட்பதாக இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடும். இந்தக் கழித்தலை ஒருவர் போட்டு, மற்றவர் சரிபார்த்த பிறகே நங்கூரம் இறங்க வேண்டும்.

சங்கிலியின் கணக்கு இதற்கு நேர்மாறு. வற்றத்தில் வந்தால், ஏற்றத்தில் எவ்வளவு ஆழம் ஆகுமோ அதன் நான்கு மடங்காவது விட வேண்டும்.

வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த வற்றத்துக்கான ஆழம். பச்சையாகக் காட்டிய இடங்கள் வற்றத்தில் வெளியே தெரிபவை. அப்புறம் நீரோட்டம். கிபெரோன் முனைக்கும் உவாத் தீவுக்கும் இடையே பாறைத் திட்டுகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் உள்ள முக்கிய வழி தேன்யூஸ் கால்வாய், வெள்ளைக் கலங்கரை விளக்கம் அடையாளம். பெரிய ஓதத்தில் நீர் அங்கே வேகமாக ஓடும், காற்று எதிர்த் திசையிலிருந்து அடித்தால் அலை செங்குத்தாக எழும். 1922இல் 'பிரான்ஸ்' என்ற போர்க்கப்பலே இந்த வழியருகே வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியது. இன்றைய வரைபடங்கள் துல்லியமானவை, மிதவைகள் நன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. காற்றும் நீரும் ஒரே திசையில் ஓடும் நேரத்தில் போனால் அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

மிதவைகளின் நிறம்: கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்காவில் பழகியவர்களுக்கு இது தலைகீழ். இவற்றோடு நண்டு, இறால் கூண்டுகளின் சிறு மிதவைகளும் எங்கும் கிடக்கும். எஞ்சினில் போகும்போது ஒருவர் முன்னே பார்த்துக்கொண்டே இருங்கள். அந்தக் கயிறு படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியில் சுற்றினால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

காற்று, அதிலும் இரவுக் காற்று

மெத்தியோ-பிரான்ஸ் அமைப்பின் கரையோர அறிக்கையைத் தினமும் காலையிலும் மாலையிலும் பாருங்கள். துறைமுக அலுவலக வாசலில் ஒட்டியிருப்பார்கள். ரேடியோவிலும் வரும், 16ஆம் அலைவரிசையில் முதலில் அறிவித்துவிட்டு வேறு அலைவரிசையில் வாசிப்பார்கள். காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை சொல்லும் போஃபோர்ட் அளவில் அது 7ஆம் விசையைத் தொடும் என்றால் சிறப்பு எச்சரிக்கை வரும். புதியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 4ஆம் விசை வரை மகிழ்ச்சி, 5 என்றால் பாயைச் சுருக்கிக்கொண்டு குறுகிய தூரம், 6 என்றால் கரையில் நடைப்பயணம். இதை இருவரும் ஊரிலேயே பேசி முடிவு செய்யுங்கள். காலையில் துறையில் நின்றுகொண்டு ஒருவர் 'போகலாம்' என்றும் மற்றவர் 'வேண்டாம்' என்றும் இழுபறி நடத்தினால் அன்றைய நாள் கெட்டுவிடும். எங்கள் வழக்கம், யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் அன்று கிளம்புவதில்லை. காரணம் கேட்பதும் இல்லை.

அறிக்கையில் எளிதாகக் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. நல்ல வெயில் நாட்களில், உயரழுத்தம் நிலைத்திருக்கும்போது, பகலெல்லாம் மென்காற்றாக இருந்துவிட்டு இரவில் வடகிழக்கிலிருந்து பலமாக வீசத் தொடங்கும். உள்ளூரில் இதைச் சூரியக் காற்று என்ற பொருளில் 'வான் சொலேர்' என்பார்கள். 5, 6ஆம் விசை வரைகூடப் போகும், காலையில் அடங்கும். மாலையில் கண்ணாடிபோல் இருந்த கிழக்குப் பார்த்த கடற்கரையில் நங்கூரமிட்டுத் தூங்கியவர்கள் நள்ளிரவில் கரையை நோக்கித் தள்ளப்படும் படகில் விழிப்பார்கள். ஆகவே கோடையில் அழகான வானிலை இருக்கும்போதுதான் இரவுத் துறையை அதிகக் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் திறந்த இடம் பகல் சாப்பாட்டுக்கு, மூடிய இடம் தூக்கத்துக்கு.

முதல் நாள் காலை: பயிற்சி

ஞாயிறு காலை துறையை விட்டு வந்ததும் எங்கும் போகாதீர்கள். விரிகுடாவில் இடம் தாராளம். பாயை ஏற்றி, முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, சுக்கானைத் திருப்பிக் கட்டி, படகை ஏறக்குறைய நிற்க வையுங்கள். இதை ஆளுக்கு இரண்டு முறை செய்யுங்கள். களைப்பு வந்தால், மழை வந்தால், தேநீர் போட வேண்டுமென்றால், என்ன செய்வதென்று யோசிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து.

பிறகு ஒரு ஃபெண்டரை, அதாவது படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த மெத்தையைத் தண்ணீரில் போட்டு, அதுதான் விழுந்த ஆள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனியாகப் போய் எடுங்கள். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் போய்ச் சேர்வது பாதி வேலைதான். நனைந்த உடையோடு ஒரு பெரியவரைத் தண்ணீரிலிருந்து தூக்குவது தனி ஆளால் நடக்காத காரியம் என்பதை அன்றே உணர்ந்துவிட வேண்டும். பின்ஏணி எப்படி இறங்குகிறது, பாய் ஏற்றும் கயிற்றைக் கப்பியில் சுற்றி ஆளைத் தூக்க முடியுமா என்று பாருங்கள். அதனால்தான் இருவர் படகில் விழாமல் இருப்பதே முதல் விதி. ஒருவர் கீழே தூங்கும்போது மேலே இருப்பவர், காற்று கூடும்போது இருவருமே, மேலங்கியின் பட்டையைப் படகோடு கொக்கியிட்டுக்கொள்ளுங்கள்.

உதவிக்கு ரேடியோவில் 16, கைபேசியில் 196. இந்தக் கரையைக் கவனிப்பது ஏதெல் ஊரில் உள்ள க்ராஸ் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம். மீட்க வருபவர்கள் பெரும்பாலும் எஸ்.என்.எஸ்.எம். என்ற கடல் மீட்புச் சங்கத்தின் தொண்டர்கள், ஆரஞ்சும் நீலமும் கலந்த அவர்களுடைய படகுகளைத் துறைகளில் பார்ப்பீர்கள்.

துறைக்குள் நுழைவது

தம்பதியர் சண்டை போடும் இடம் இது. கத்துவது பயத்தால்தான். பயத்தைக் குறைக்க வழி, வேலையை முன்கூட்டியே முடிப்பது. துறைக்கு வெளியே, அமைதியான நீரில், பாயை இறக்கி, ஃபெண்டர்களை இரண்டு பக்கமும் கட்டி, நான்கு கயிறுகளையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே நுழையுங்கள். 9ஆம் அலைவரிசையில் துறைமுக அலுவலகத்தை அழைத்து, படகின் நீளம், எத்தனை இரவு என்று சொல்லுங்கள். கோடையில் சிறு ரப்பர் படகில் ஓர் ஊழியர் வந்து இடம் காட்டுவார். முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள், வரவேற்பே மாறிவிடும்.

யார் சுக்கான் பிடிப்பது? வழக்கமாக ஆண் பிடிக்கிறார், பெண் கயிற்றோடு குதிக்கிறார். மாற்றிப் பாருங்கள். எஞ்சினை இயக்கப் பலம் வேண்டாம், கவனம் போதும். கயிற்றை இழுத்துப் பிடிக்கத்தான் சில நேரம் பலம் வேண்டும். யாராக இருந்தாலும் கரைக்குக் குதிக்கக் கூடாது. படகு மேடையோடு ஒட்டிய பிறகு கால் எடுத்து வைத்து இறங்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் சுக்கான் பிடித்தவர் சுற்றி வந்து மறுபடி முயல வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இருவருக்கு மிகவும் உதவும் முறை நடுக்கயிறு. படகின் நடுவில் கயிறு கட்டுவதற்கென உள்ள உலோகக் கொம்பில் ஒரு கயிற்றைக் கட்டி வையுங்கள். இறங்கியவர் அதை மேடையில் சற்றுப் பின்னால் உள்ள கொம்பில் குறுக்கிக் கட்டட்டும். சுக்கான் பிடித்தவர் எஞ்சினை முன்னோக்கி மெதுவாக ஓடவிட்டு, சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பட்டும். படகு தானே மேடையோடு ஒட்டி நிற்கும். காற்று வெளியே தள்ளினாலும் அசையாது. மற்ற மூன்று கயிறுகளையும் ஆற அமரக் கட்டலாம். வெளியே திறந்த நீரில் கை சைகைகளையும் பேசி வையுங்கள்: முன்னே, பின்னே, நிறுத்து, எத்தனை மீட்டர். எஞ்சின் சத்தத்தில் சொல் கேட்காது, கை தெரியும்.

கூட்டமான துறைகளில் அடுத்த படகோடு ஒட்டிக் கட்ட நேரலாம். அனுமதி கேட்டுக் கட்டுங்கள். கரைக்குப் போக அவர்கள் படகைக் கடக்கும்போது பின்னால் அவர்கள் உட்காரும் இடம் வழியாகப் போகாமல் முன்பக்கமாகச் சுற்றிப் போவது மரியாதை. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று இரவே சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு வாரப் பாதை

முதல் ஓட்டம் லெ க்ரூயெஸ்தியிலிருந்து விரிகுடாவைக் குறுக்கே கடந்து போர் அலிகென் ('போர்' என்றால் பிரெஞ்சில் துறை). 9 கடல் மைல், நல்ல காற்றில் இரண்டு மணி நேரம். கிபெரோன் தீபகற்பத்தின் உள்பக்கம் இருப்பதால் மேற்கிலிருந்து வரும் பேரலை இங்கே எட்டாது. பொய்யான உளவுக் குற்றச்சாட்டில் டெவில்ஸ் தீவுச் சிறையில் இருந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆல்ஃபிரெட் டிரைஃபஸை மறு விசாரணைக்காக 1899இல் பிரான்ஸுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது இறக்கிய துறை இதுதான். இங்கிருந்து தீபகற்பத்தின் மறுபக்கம் நடந்தால், அட்லாண்டிக் நேராக மோதும் கரையைப் பார்க்கலாம். உள்பக்கத்தின் அருமை அப்போது புரியும்.

அடுத்து உவாத். இதுவும் ஏறத்தாழ அதே தூரம். தீவில் சில நூறு பேரே வாழ்கிறார்கள், கார்கள் கிடையாது என்றே சொல்லலாம். சிறிய மீன்பிடித் துறையில் வெளிப்படகுகளுக்கு இடம் குறைவு. கிழக்குப் பார்த்து நீளும் த்ரேயாஷ் எர் கூரே மணல்கரைக்கு எதிரே நங்கூரமிடுவதுதான் வழக்கம். பகலுக்கு அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் எனக்குத் தெரியாது. இரவுக்கு மேலே சொன்ன வடகிழக்குக் காற்றை நினைவில் வையுங்கள். அது வரும் அறிகுறி இருந்தால் மாலையிலேயே பெல்-ஈலுக்கோ மறுபடி போர் அலிகெனுக்கோ போய்விடலாம். தெற்கே ஓயேதிக் இன்னும் சிறியது. காற்று அடங்கிய நாளில் போங்கள்.

பெல்-ஈல் பெரிய தீவு, 17 கிலோமீட்டர் நீளம். இங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். லெ பலே துறைக்கு மேலே, பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளர் வோபான் வலுப்படுத்திய கோட்டை நிற்கிறது. வெளித்துறையில் மிதவைகளுக்கு இடையே கட்டலாம். உள்துறைக் கதவு ஏற்றத்தை ஒட்டித்தான் திறக்கும். பயணிகள் கப்பல் வந்தால் வழிவிடுங்கள். வடக்கே சோசோன் சிறிய, வற்றத்தில் காய்ந்துபோகும் துறை. அடியில் ஆழமாக நீளும் கீல் உள்ள படகுகள் பெரும்பாலும் வெளி மிதவைகளில்தான் நிற்கும். எனக்கு லெ பலேயைவிட சோசோன் பிடிக்கும், கூட்டம் கலைந்த மாலையில் அங்கே உட்கார்ந்திருப்பதற்காகவே. தங்கும் நாளில் சைக்கிள் எடுத்து மேற்குக் கரைக்குப் போங்கள். போர் கோதோன் பாறை ஊசிகளை ஓவியர் மோனே 1886இல் வந்து வரைந்தார். வடமுனையில் நடிகை சாரா பெர்னார் வாங்கிக் கோடைவீடாக்கிய பழைய கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் படகில் போக வேண்டாம், காலால் போவதுதான் நல்லது.

திரும்பி வந்து மொர்பியான் வளைகுடா. வாய் குறுகியது, உள்ளே விரிந்த தண்ணீர், தீவுகள். அவ்வளவு நீரும் அந்த ஒரு வாய் வழியாகப் போய்வருவதால் பெரிய ஓதத்தில் சில இடங்களில் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தைத் தாண்டி ஓடும். உங்கள் எஞ்சின் 6 நாட் வேகத்துக்கு மேல் போகாது. எனவே ஏறுநீரோடு உள்ளே, இறங்குநீரோடு வெளியே. இதற்கு விதிவிலக்கு கிடையாது. எண் குறைந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் பயன் இங்கே கண்கூடாகத் தெரியும். ஈல்-ஓ-முவான் தீவருகே மிதவையில் ஓர் இரவு. காவ்ரினிஸ் தீவின் கல்லறை மேடு ஆறாயிரம் ஆண்டு பழமையானது, லார்மோர்-பாதேனிலிருந்து வழிகாட்டியோடு படகில் கூட்டிப் போவார்கள். பக்கத்தில் எர் லான்னிக் தீவில் நின்ற கல்வட்டம் ஒன்று கடல்மட்டம் உயர்ந்ததால் பாதி நீருக்குள் போய்விட்டது. நிமிர்ந்த கற்களின் வரிசைகளுக்குப் பெயர்பெற்ற கார்னாக்கோடு சேர்த்து இந்தக் கற்சின்னங்கள் 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நேரமிருந்தால் உள்ளே வான் நகர் வரை போகலாம். பழைய கோட்டை மதிலுக்குப் பக்கத்திலேயே படகு நிற்கும். அங்கே ஏற்றம் வளைகுடா வாயைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். உள்துறைக் கதவும் பாலமும் ஏற்றத்தைச் சுற்றிய சில மணி நேரம்தான் திறந்திருக்கும். அன்றைய நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் முழுக்கக் காற்று பலமாக இருக்கும் என்று அறிக்கை சொன்னால் தீவுகளை மறந்துவிட்டு, கடல் அனுமதிக்கும் முதல் இடைவெளியில் கிழக்கே விலேன் ஆற்றுக்குப் போங்கள். 1970இல் கட்டி முடித்த அர்சால் அணையின் பூட்டுக்கால்வாய் (இரு கதவுகளுக்கு இடையே நீர்மட்டத்தை மாற்றிப் படகைக் கடத்தும் தொட்டி) வழியாக, கோடையில் பகல் நேரத்தில் மணிக்கொரு முறை உள்ளே விடுவார்கள். ஆற்றுவாயில் சேறு அதிகம், தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியபின் நுழையுங்கள். அணைக்கு உள்ளே நன்னீர், ஓதமில்லை, அலையில்லை. லா ரோஷ்-பெர்னார் வரை இரு பக்கமும் மரங்கள் வரும். 1759 நவம்பரில் கிபெரோன் விரிகுடாக் கடற்போரில் பிரிட்டிஷாரிடம் தோற்ற பிரெஞ்சுக் கப்பல்கள் சில புயலில் தப்பி ஒளிந்ததும் இந்த ஆற்றில்தான். இன்றைக்கும் மோசமான வானிலைக்கு இதைவிட நல்ல புகலிடம் இல்லை.

இரண்டாவது முறை வருகிறவர்கள் மேற்கே போகலாம்: குருவா தீவின் போர் துதி, இரட்டை விளக்குக் கோபுரங்கள் கொண்ட தொயெலான், கோன்கார்னோவின் மதில் ஊர், கடைசியாக க்ளேனான். வழியில் லோரியான் வந்தால் எதிரே உள்ள போர்-லூயி கோட்டையில் இறங்கிப் பாருங்கள். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவான துறை லோரியான். புதுச்சேரிக்கும் இந்தத் துறைக்கும் இடையே கப்பல்கள் போய்வந்தன. கோட்டைக்குள் உள்ள கம்பெனி அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையின் துணிகளையும் காணலாம். தமிழர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பது என் எண்ணம். இடையில் உள்ள ஏதெல் ஆற்றுவாய்க்குள் மட்டும் போகாதீர்கள். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1958இல் அங்கே ஓர் உயிர்காப்பு மிதவைச் சோதனையில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

சாப்பாடும் சில்லறைகளும்

தீவுகளில் கடை குறைவு, விலை அதிகம். அரிசி, பருப்பு, காய்கறி, குடிநீர் எல்லாம் கிளம்பும் ஊரிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். குக்கர் கொண்டுபோவது நல்ல யோசனை. மூடி பூட்டியிருப்பதால் படகு ஆடினாலும் சிந்தாது, எரிவாயுவும் மிச்சம். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கரையில் கவலையில்லை, பக்வீட் என்ற தானிய மாவில் தோசைபோல் சுடும் கலெத்தை முட்டை, சீஸ், காளான் போட்டு எங்கும் தருவார்கள். கடல் மயக்கத்துக்கு மாத்திரையைக் கிளம்புமுன்பே போடுங்கள், வந்தபின் போட்டுப் பயனில்லை. துறையில் ஓர் இரவுக்கு இந்த அளவுப் படகுக்குக் கோடையில் முப்பது, நாற்பது யூரோ அளவில் ஆகும், குளியலறையும் அதில் அடங்கும் அல்லது சிறு தொகை கேட்பார்கள். படகின் கழிவறையைத் துறைக்குள் திறந்துவிடக் கூடாது.

படகைத் திருப்பித் தர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையே லெ க்ரூயெஸ்திக்கு வந்துவிடுங்கள். கடைசி நாள் காலையில் கட்டாயத்துக்காகக் கிளம்புவதுதான் பல தம்பதியரை மோசமான காற்றில் கொண்டுபோய் விடுகிறது. டீசல் நிரப்பும் மேடையில் மாலை ஆறு மணிக்குமேல் வரிசை நீளும், நான்கு மணிக்கு வந்தால் சீக்கிரம் முடியும். உள்ளே பெருக்கித் துடைத்து, எரிவாயு அடைத்து, உடைந்தது ஏதாவது இருந்தால் பட்டியலில் நீங்களே எழுதிவிடுங்கள். அடுத்து அந்தப் படகில் ஏறப் போகிறவர்களுக்கு அது உதவும்.